பால் வற்றாத பசு: ஸ்டார்டியூ வேலியின் தொழுவத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

காலை ஆறு மணி. இந்த விளையாட்டில் எல்லா நாளும் ஆறு மணிக்குத்தான் விடிகிறது. வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் தொழுவத்துக்குள் போகிறேன். செவலை என்று நான் பெயர் வைத்த பசு ஒரு மூலையில் நிற்கிறது. கிட்டே போய் ஒரு தட்டு தட்டினால் அதன் தலைக்கு மேல் சின்னதாக ஓர் இதயம் தோன்றி மறைகிறது. பால் வாளியை எடுத்துக் கறக்கிறேன். ஒரு நொடியில் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த பசுவிடம் போகிறேன். அதற்கும் ஓர் இதயம், ஒரு வாளி பால். நாளையும் இதே. மழைக்காலமோ பனிக்காலமோ, மூன்றாம் ஆண்டோ பத்தாம் ஆண்டோ, செவலை ஒரு நாள்கூடப் பால் தராமல் இருந்ததில்லை.

இந்தப் பசுவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஸ்டார்டியூ வேலி 2016 பிப்ரவரி 26 அன்று வெளிவந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை ஆண்டு உட்கார்ந்து, படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்த விளையாட்டு. 2024 டிசம்பருக்குள் 4 கோடியே 10 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டது. 'கோஸி கேம்' என்று இன்று அழைக்கப்படும் வகைக்கு, அதாவது அவசரமும் தோல்வியும் அதிகம் இல்லாமல் மனசை ஆற்றும் விளையாட்டுகளுக்கு, உதாரணம் சொல்லச் சொன்னால் பலரும் முதலில் சொல்லும் பெயர் இது. தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு நகரத்து வேலையை உதறிவிட்டு வருகிறீர்கள். விதைக்கிறீர்கள், மீன் பிடிக்கிறீர்கள், ஊர்க்காரர்களோடு பழகுகிறீர்கள், கோழி, வாத்து, முயல், பசு, ஆடு, செம்மறி, பன்றி என்று வளர்க்கிறீர்கள்.

விலங்கை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஓர் ஓவியத்தைப் பார்த்துச் சொல்வது வேறு, விளையாட்டைப் பார்த்துச் சொல்வது வேறு. விளையாட்டில் பசுவின் கண் எவ்வளவு பெரிது, காது எப்படி ஆடுகிறது என்பதோடு விஷயம் முடியாது. அந்தப் பசுவை நீங்கள் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது, செய்தால் என்ன நடக்கும் என்பதை விதிகள் தீர்மானிக்கின்றன. அந்த விதிகள்தான் உண்மையான சித்தரிப்பு. ஸ்டார்டியூ வேலியின் விதிகளை அதை விளையாடுபவர்கள் எண் எண்ணாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதால், அதன் தொழுவத்தை உள்ளே புகுந்து பார்க்க முடிகிறது.

தடவிக் கொடுப்பதற்கு என்ன மதிப்பு

ஒவ்வொரு விலங்குக்கும் உங்கள்மேல் எவ்வளவு பிரியம் என்பதற்குப் பூஜ்யம் முதல் 1000 வரை ஒரு கணக்கு உண்டு. திரையில் அது ஐந்து இதயங்களாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு முறை தடவிக் கொடுத்தால் 15 புள்ளி ஏறும். பால் கறந்தால் 5 புள்ளி. தீனி போடாமல் விட்டால் 20 குறையும். தடவாமல் விட்டாலும் கொஞ்சம் குறையும்.

இந்த எண்களை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். கறப்பதைவிடத் தொடுவதற்கு மூன்று மடங்கு மதிப்பு. பண்ணையில் வருமானம் தருவது கறவை. ஆனால் உறவு என்று வரும்போது, எதையும் எடுக்காமல் வெறும் கையோடு போய்த் தடவுவதைத்தான் விளையாட்டு பெரிதாக எண்ணுகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, இது 15, அது 5 என்று எழுதியிருக்கிறார். எனக்கு இந்த விளையாட்டின்மேல் உள்ள மரியாதை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களால் வந்தது.

மாடு வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டில் நான் பள்ளி முடிக்கும்வரை இரண்டு கறவை மாடுகள் இருந்தன. அம்மா கறக்க உட்காரும் முன் கன்றை ஊட்டவிடுவார். அப்புறம் மாட்டின் அலைதாடியைத் தடவிக்கொண்டு சற்று நேரம் சும்மா நிற்பார். அது தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். மடி சுரந்து காம்பு விறைக்க அந்த நேரம் வேண்டும். முரட்டுக் கை பட்டால் பாலை எக்கிக்கொள்ளும். தொடுதல் முதலில், பால் அப்புறம் என்ற வரிசையை அந்த விளையாட்டு சரியாகப் பிடித்திருக்கிறது.

சரி, பிரியம் ஏறினால் என்ன கிடைக்கும்? 'பெரிய பால்' என்ற விலை கூடிய வகை கிடைக்கும். சாதாரணப் பாலின் அடிப்படை விலை 125 பொற்காசு, பெரிய பாலுக்கு 190. பால் தரமும் கூடும், பாலாடைக்கட்டி செய்தால் இன்னும் விலை. பிரியம் அப்படியே காசாக மாறுகிறது.

இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. தடவிக் கொடுத்த பின் அதே விலங்கை இன்னொரு முறை தட்டினால் ஒரு சிறு சன்னல் திறக்கும். பெயர், இத்தனை மாத வயது, இதயங்கள், இன்று அதன் மனநிலை பற்றி ஒரு வரி. ஓரத்தில் ஒரு பொற்காசுப் படம். அதுதான் விற்பதற்கான பொத்தான். விலையைத் தீர்மானிக்கும் சூத்திரம் எளிது. பிரியப் புள்ளியை ஆயிரத்தால் வகுத்து, 0.3 கூட்டி, வாங்கிய விலையால் பெருக்க வேண்டும். 1500 பொற்காசுக்கு வாங்கிய பசு உங்கள்மேல் துளியும் பிரியமில்லாமல் இருந்தால் 450க்குப் போகும். உயிருக்குயிராக இருந்தால் 1950. உங்களை எவ்வளவுக்கு நம்புகிறதோ அவ்வளவுக்கு நல்ல விலை. ஐந்து இதயங்களும் பொற்காசுப் படமும் ஒரே சன்னலில் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

பொத்தானை அழுத்தினால் உறுதியாகத்தானா என்று கேட்கும். ஆம் என்றால் பசு அந்த இடத்திலேயே மறைந்துவிடும். வாங்கியவர் யார், எங்கே கொண்டுபோனார் என்று எதுவும் கிடையாது. எங்கள் ஊர்ச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பார்ப்பவருக்கு விலை தெரியாது, ஆனால் மாடு யார் கையில் போகிறது என்று தெரியும். இங்கே அப்படியே தலைகீழ். விலை கடைசிக் காசுவரை தெரிகிறது, மாடு போகும் இடம் தெரியவில்லை.

காளை இல்லாத ஊர்

ஒரு பண்ணை விலங்கின் வாழ்க்கைக்கு இரண்டு முனைகள் உண்டு, பிறப்பும் சாவும். ஸ்டார்டியூ வேலி இரண்டையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது. நடுப்பகுதியை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். இனி வெட்டிய முனைகள்.

அந்த ஊரில் காளையே கிடையாது. சேவலும் கிடையாது. தொழுவத்தைப் பெரிதாக்கிக் கட்டியிருந்தால், ஏதோ ஓர் இரவில் பசு கன்று ஈனும். காலையில் செய்தி வரும், பெயர் வைக்கச் சொல்லும். கன்றின் விவரத்தில் தாயின் பெயர் இருக்கும், தகப்பன் என்று ஒன்று இல்லை. பிறப்பதெல்லாம் கிடேரி. எந்தக் கன்றும் காளைக் கன்றாகப் பிறப்பதில்லை. ஐந்தே நாளில் வளர்ந்து தானும் கறவைக்கு வந்துவிடும். கோழிக் கொட்டகையில் அடைகாக்கும் பெட்டியில் வைக்கும் முட்டை எல்லாம் பெட்டைக் குஞ்சாகவே பொரிக்கும்.

பாலுக்கும் கன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பது இதைவிட முக்கியம். செவலை ஒரு தரம்கூடக் கன்று ஈன்றதில்லை. இருந்தும் தினமும் கறக்கிறேன். நிஜத்தில் ஒரு கறவைப் பசு ஏறக்குறைய 280 நாள் சினை சுமந்து ஈனும். ஈன்ற பின் பத்து மாதம் போலக் கறக்கும். அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதமாவது வற்றவிட வேண்டும். அந்தக் கன்றுகளில் சரிபாதி காளைக் கன்று. பாலுக்காக மாடு வைத்திருக்கும் உலகம் முழுவதும், அந்தப் பாதியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை. முட்டைத் தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வது இன்னும் பல நாடுகளில் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதைத் தடை செய்தது. காளையும் சேவலும் இல்லாத ஊர் என்பது ஏதோ மறந்துபோய் விட்டதாகத் தோன்றலாம். உண்மையில் பண்ணை வாழ்வின் மிகக் கடினமான கேள்வி முழுவதும் அந்த ஒரே இல்லாமையில் கரைந்துவிடுகிறது.

மறுமுனை சாவு. விலங்குக்கு வயது உண்டு என்று சொன்னேன். மாதக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்த எண் எதையும் செய்யாது. முதுமை கிடையாது, நோய் கிடையாது. தீனி இல்லாமல் நாள் கணக்கில் விட்டாலும் சாகாது, மனம் வாடும், பால் தராது, அவ்வளவுதான். சாவு வரக்கூடிய ஒரே வழி, விலங்கு வெளியே மேய்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் தொழுவக் கதவை அடைத்துவிடுவது. அப்படி வெளியே மாட்டிக்கொண்டதை இரவில் காட்டு மிருகம் அடித்துவிட வாய்ப்புண்டு. காலையில் அது இருக்காது. எலும்போ ரத்தமோ எதுவும் கிடக்காது. தொழுவத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும்.

வெட்டிக் கறியாக்கும் வழியும் கிடையாது. நீங்கள் சமைக்கும் உணவுகளில் மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ கோழிக்கறியோ எதிலும் இல்லை. இது முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை என்பதற்கு விளையாட்டின் கோப்புகளிலேயே தடயம் உண்டு. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, வாத்து, முயல் என்று இறைச்சிப் பொருள்கள் பட்டியலில் எழுதப்பட்டு, பயன்படுத்தாமல் கிடந்தன. இறைச்சி வெட்டும் கத்தியும் இருந்தது. எழுதியவர் அந்தக் கதவு வரை போய்விட்டு, திறக்காமல் திரும்பி வந்திருக்கிறார்.

அந்தக் கதவைப் பின்னால் விளையாட்டு ரசிகர்கள் திறந்தார்கள். விளையாட்டில் ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றத்தை 'மாட்' (mod) என்பார்கள். பிரபலமான மாட் ஒன்று கொண்டுவரும் கருவிகளில் இரண்டு முக்கியம். ஒன்று இறைச்சிக் கத்தி, மற்றது சினை ஊசி. பரோன் வெட்டிய இரண்டு முனைகளையும் சரியாக அந்த இரண்டும் ஒட்டவைக்கின்றன. அந்த மாட் போட்டு விளையாடுபவர்களைக் கொடூரமானவர்கள் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. ஏதோ குறைகிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. குறைவது எது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு.

குறைவது கறி அல்ல

என் பார்வையில் ஸ்டார்டியூ வேலியின் தொழுவத்தில் குறைவது வற்றிய மாடு.

எங்கள் வீட்டில் மாடு வற்றியிருந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பால் காசு வராது. தவிடும் பிண்ணாக்கும் புல்லும் மட்டும் நிற்காது. அப்பாவின் முகம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சினை பிடிக்காமல் இரண்டு முறை தவறினால், தெருவில் தரகர் நடமாட்டம் கூடும். அடிமாடு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் அது காதில் கேட்கும். அந்த மாதங்களிலும் அம்மா காலையில் போய் அலைதாடியைத் தடவிக்கொண்டு நிற்பார். கறக்க எதுவும் இல்லாத நாளில் அப்படி நின்றதுதான் அந்த உறவின் அளவு என்று எனக்கு இப்போது படுகிறது.

விளையாட்டு அந்த நாளை உங்களுக்குத் தருவதில்லை. எல்லா விலங்கும் எப்போதும் எதையாவது தந்துகொண்டே இருக்கின்றன. தராத விலங்கு என்று ஒன்று இல்லாததால், தராததையும் வைத்துக் காப்பாற்றுவேனா என்ற கேள்வி உங்கள் முன் வருவதே இல்லை. கொல்ல வழியில்லாமல் செய்ததால் விலங்குக்கு நன்மை கிடைத்தது போலத் தெரிகிறது. உண்மையில் நமக்குத்தான் நன்மை. நம்மைச் சோதிக்கவே இல்லை.

இப்படிச் செய்தால்தான் மனசை ஆற்ற முடியும், வேறு வழியில்லை என்று சொல்வார்கள். அது சரியல்ல. ஸ்டார்டியூ வேலிக்குத் தாய் வீடு என்று சொல்லத்தக்க ஹார்வெஸ்ட் மூன் வரிசையே அதற்குச் சாட்சி. யாசுஹிரோ வாதா உருவாக்கி 1996இல் ஜப்பானில் வெளியான முதல் ஹார்வெஸ்ட் மூனிலேயே, கவனிக்காத பசு நோயுற்றுச் சாகும். பரோன் சிறுவயதில் அந்த வரிசையை விளையாடி வளர்ந்தவர், அதைப் போல ஒன்றைச் செய்ய வேண்டும் என்றுதான் தொடங்கினார்.

அந்த வரிசையில் 2003இல் ஜப்பானில் வெளிவந்த எ ஒண்டர்ஃபுல் லைஃப் இன்னும் ஒரு படி போனது. அதில் பசு கன்று ஈன்றால்தான் பால் தரும். கொஞ்ச காலத்தில் பால் நின்றுவிடும். மறுபடி சினைப்படுத்த வேண்டும், காளையும் வாங்கலாம். சினையாக இருக்கும்போது கறவை கிடையாது. ஈன்ற முதல் சில நாள் வருவது கன்றுக்கான தாய்ப்பால். நம்மூரில் சீம்பால் என்று சொல்கிறோமே, அதற்கு அந்த விளையாட்டில் தனி இடம் உண்டு. காளைக் கன்றும் பிறக்கும், அதை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். கதாநாயகனே மூப்படைந்து, கடைசியில் இறந்துபோவான். மெதுவான, சாந்தமான விளையாட்டு அது. இன்றுவரை அதை நெஞ்சோடு வைத்திருப்பவர்கள் இருப்பதால்தான் 2023இல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். வற்றிய பசுவை வைத்துக்கொண்டும் ஒரு விளையாட்டு இதமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மீனும் வௌவாலும்

தொழுவத்தை விட்டு வெளியே வந்தால், இந்த விளையாட்டு உயிருக்குத் தயங்குவதே இல்லை. மீனைத் தூண்டிலில் இழுத்து, பெட்டியில் போட்டு விற்கலாம். எந்த மீனையும் சஷிமி என்ற ஜப்பானியப் பச்சை மீன் உணவாக்கலாம். நண்டுக் கூடை வைக்கலாம், நத்தையைச் சமைக்கலாம். மீனுக்குப் பெயர் வைக்கும் சன்னல் கிடையாது, இதயம் கிடையாது.

2019இல் வந்த 1.4 அப்டேட் மீன் குளம் ஒன்றைக் கொடுத்தது. அங்கே ஒரு மீனை விட்டால் அது பெருகும். அவ்வப்போது அதற்கு ஏதோ ஒன்று வேண்டும் என்று கேட்கும், தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் குளத்தில் இன்னும் மீன் கூடும். பதிலுக்கு முட்டையும் வேறு பொருள்களும் தரும். ஆற்றில் இருந்தபோது வெறும் விலையாக இருந்த அதே மீனுக்கு, குளத்துக்கு வந்ததும் விருப்பம் என்று ஒன்று வந்துவிடுகிறது. ஆக, யாருக்கு மனம் இருக்கிறது என்பதை உடம்பு தீர்மானிக்கவில்லை. உயிரோடு வைத்திருந்தால் லாபம் என்கிற இடத்தில் மனம் முளைக்கிறது.

வௌவாலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் டெமெட்ரியஸ் என்ற விஞ்ஞானி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, பண்ணைக் குகையில் காளான் வளர்க்கலாமா, பழந்தின்னி வௌவால்களை வரவழைக்கலாமா என்று கேட்பார். வௌவாலைத் தேர்ந்தெடுத்தால், அவை அவ்வப்போது குகையில் பழம் போட்டுவிட்டுப் போகும். அதே ஊரில் மலையடிவாரத்தில் இருக்கும் சாகசக்காரர் சங்கம், சுரங்கத்தில் 200 வௌவால் கொன்றால் மோதிரம் தருகிறது. காலையில் வௌவால் போட்ட மாதுளையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் சுரங்கத்தில் வாளோடு வௌவாலைத் துரத்திய நாள்கள் எனக்கு உண்டு. வெகுகாலம் அதிலுள்ள முரண் எனக்குத் தோன்றவே இல்லை.

2020 மார்ச்சில் வந்து பெருவெற்றி பெற்ற அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ் என்ற விளையாட்டிலும் இதே கோடுதான், இன்னும் அழுத்தமாக. சட்டை போட்ட பூனையும் தவளையும் உங்கள் அண்டை வீட்டார். மீனும் வண்டும் கடைக்குப் போகும், இல்லையேல் அருங்காட்சியகத்துக்கு. அருங்காட்சியகத்தை நடத்துவதே ஓர் ஆந்தை. ஜல்லிக்கட்டு விவகாரத்தால் தமிழருக்கு நன்கு தெரிந்த பீட்டா அமைப்பு, அந்த ஆண்டே இதற்கு ஒரு வீகன் வழிகாட்டி வெளியிட்டது. மீன் பிடிக்காதீர்கள், பூச்சி பிடிக்காதீர்கள் என்று அறிவுரை. படம் வரைந்த மீனுக்கு வலிக்காது என்று பலர் கோபப்பட்டார்கள். அது உண்மைதான். ஆனால் எதைப் பிடித்து விற்கலாம், எதனோடு தேநீர் குடிக்கலாம் என்று குழந்தைகள் கைப்பழக்கமாகப் பழகுகிறார்கள் என்பதும் உண்மை. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக பீட்டாவை நான் குறை சொல்ல மாட்டேன். பதிலை வழிகாட்டியாக எழுதியதால் கேள்வி காணாமல் போனதுதான் வருத்தம்.

தாத்தா எதைப் பார்க்கிறார்

மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையைப் பார்த்து மதிப்பெண் போடும். எவ்வளவு சம்பாதித்தாய், ஊராரோடு எப்படிப் பழகினாய், கல்யாணம் ஆனதா என்று பல கணக்கு. மொத்தம் 21 புள்ளி. அதில் ஒரு புள்ளி, வீட்டு நாய் அல்லது பூனை உன்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறது என்பதற்கு.

தொழுவத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை. பத்துப் பசு ஐந்து இதயத்தோடு நின்றாலும் தாத்தா அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தினமும் பண்டம் தருவதற்காக நாயையும் பூனையையும் யாரும் வளர்ப்பதில்லை. அவற்றின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம், தடவுகிறோம். அந்தப் பிரியத்தை மட்டும் தாத்தா பிரியம் என்று ஏற்றுக்கொள்கிறார். பசுவின் பிரியத்துக்கு ஏற்கெனவே பாலில் கூலி கிடைத்துவிட்டது போலும். இதை யோசித்துத்தான் வைத்தார்களா என்று தெரியாது, ஆனால் அது நேர்மையான கணக்கு என்று எனக்குப் படுகிறது.

நேர்மையான இடம் இன்னொன்றும் உண்டு. தானாகவே விலங்குகளைத் தடவிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று விளையாட்டில் இருக்கிறது. மண்டையோட்டுக் குகையின் ஆழத்தில் புதையலாக எப்போதாவது கிடைக்கும். இல்லையென்றால், ஊரின் சமூகக் கூடத்தைக் கைவிட்டு ஜோஜா என்ற பெருநிறுவனத்தோடு கைகோத்து, அவர்கள் திட்டம் எல்லாவற்றையும் முடித்தவருக்கு, அதே நிறுவனக் கடையில் 50,000 பொற்காசுக்குக் கிடைக்கும். வாங்கித் தொழுவத்தில் வைத்துவிட்டால் நீங்கள் உள்ளே போகவே தேவையில்லை. ஆனால் அது தடவினால் ஏறும் பிரியம், கையால் தடவினால் ஏறுவதைவிடக் குறைவு. இதிலும் யாரோ உட்கார்ந்து ஒரு எண்ணை எழுதியிருக்கிறார்.

பன்றிகளின் பனிக்காலம்

நான் கேட்ட வற்றிய மாடு இந்த விளையாட்டில் ஒரே ஓர் இடத்தில், கிட்டத்தட்ட, இருக்கிறது. அது மாடு அல்ல, பன்றி.

பன்றிதான் தொழுவத்தில் விலை கூடியது, 16,000 பொற்காசு. அது வெளியே மேயும்போது மண்ணைக் கிளறி டிரஃபிள் என்ற காளானைத் தோண்டி எடுக்கும். ஒன்றின் விலை 625. எண்ணெயாக்கினால் ஆயிரத்துக்கு மேல். பண்ணையிலேயே நல்ல வருமானம் அதுதான் என்று அனுபவசாலிகள் தொழுவம் முழுக்கப் பன்றியாக நிரப்புவார்கள். ஆனால் மழை பெய்தால் பன்றி வெளியே போகாது. பனிக்காலத்தில் போகவே போகாது. பனிக்காலம் 28 நாள். அந்த 28 நாளும் பன்றி எதுவும் தராது. வைக்கோல் மட்டும் தின்னும்.

என் முதல் பனிக்காலத்தில் எட்டுப் பன்றிகள் வைத்திருந்தேன். முதல் மூன்று நாள் வழக்கம்போல் போய்த் தடவினேன். நான்காம் நாள் சுரங்கத்துக்கு அவசரமாகப் போனதில் விட்டுவிட்டேன். அப்புறம் ஐந்தாறு நாள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பசுக்கள் இருந்த பக்கத்துத் தொழுவத்துக்கு ஒரு நாள் தவறாமல் போனேன், பால் இருந்ததல்லவா. பத்தாம் நாளோ என்னவோ, சைலோவில் வைக்கோல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் பன்றித் தொழுவத்துக்குள் போனேன். எட்டும் அங்கங்கே நின்றுகொண்டிருந்தன. ஒன்றைத் தட்டினேன். சன்னலைத் திறந்து பார்த்தேன். மனநிலை பற்றிய வரி நல்லபடியாக இல்லை.

யாரும் எனக்குத் தண்டனை தரவில்லை. ஒரு பன்றியும் சாகவில்லை, இளைத்த மாதிரிக்கூடத் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சன்னலை மூட எனக்குச் சற்று நேரம் ஆனது. அப்பாவின் கணக்குப் போடும் முகம் எப்படி வருகிறது என்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

மார்னி என்ற அம்மாள்தான் அந்த ஊரில் விலங்கு விற்பவர். அவரிடம் 2000 பொற்காசுக்கு ஒரு கணப்பு கிடைக்கும், பனிக்காலத்தில் தொழுவத்தைச் சூடாக வைக்க. அதை வாங்கிக்கொண்டு வந்து மூலையில் வைத்தேன். அப்புறம் மீதி பதினெட்டு நாளும் பசுக்களுக்கு முன்னால் பன்றிகளிடம் போனேன். எட்டுத் தட்டு, எட்டு இதயம். எடுத்து வர எதுவும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவேன், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.